கொடுத்த சிப்பாய் திரும்பி வந்தால்

அன்புள்ள அண்ணா,

எனக்கு வயது 36. பள்ளிக்கூடத்தோடு விட்ட செஸ்ஸைப் போன வருடம்தான் மறுபடி தொடங்கினேன். வெள்ளைக்காய் கிடைத்தால் ஈவன்ஸ் கேம்பிட்தான், தொடக்கத்திலேயே ஒரு சிப்பாயைக் கொடுத்துத் தாக்குகிற ஆட்டம், யூடியூப் பார்த்துப் பழகியது. சனிக்கிழமைகளில் எங்கள் ஃபிளட்ஸில் ஓ.எல். படிக்கிற பையனோடு விளையாடுகிறேன். நான் கொடுக்கும் சிப்பாயை வாங்கிக்கொள்கிறான், கொஞ்ச நேரத்தில் திருப்பித் தந்துவிடுகிறான். ராணிகளும் வெட்டுப்பட்டுப் போகின்றன. அதற்குப் பிறகு எனக்கு ஒன்றும் ஓடுவதில்லை, தோற்கிறேன். அவனுடைய கோச், "அங்கிளை லண்டன் சிஸ்டம் விளையாடச் சொல்லு" என்றாராம், சிப்பாய் கொடுக்காமல் நிதானமாகத் தொடங்குகிற ஆட்டம் அது. கேம்பிட்டின் காலம் முடிந்துவிட்டதா?

க., வெள்ளவத்தை

அன்புள்ள க.,

காலம் முடிந்த கதையை முதலில் முடித்துவிடுவோம். 1960-இல் அர்ஜென்டினாவில், சிப்பாய் கொடுக்கும் இன்னொரு தொடக்கமான கிங்ஸ் கேம்பிட்டில் ஸ்பாஸ்கியிடம் தோற்ற ஃபிஷர் (இருவரும் பின்னாளில் உலகச் சாம்பியன்கள்), அந்த ஓப்பனிங்குக்குச் சாவுமணி அடித்து அடுத்த வருடம் கட்டுரையே எழுதினார். அப்புறம் அவரே வெள்ளைக்காயில் அதை விளையாடி வென்றார். சாவுச் சான்றிதழ்களை அவ்வளவு நம்பவேண்டியதில்லை.

உங்கள் ஈவன்ஸுக்கு வருவோம். அதைக் கண்டுபிடித்தவர் 1820-களில் கப்பல் ஓட்டிய ஒரு கப்டன். காலிமுகத்திடலில் நின்று, துறைமுகத்துக்குள் போகக் காத்துக் கிடக்கும் கப்பல்களைப் பார்க்கும்போது அவர் ஞாபகம் எனக்கு வரும். கடலில் நேரம் நிறையக் கிடைக்கும், சிப்பாய்க்கோ குறைச்சல் இல்லை. ஆனால் அவர் கண்டுபிடித்தது சிப்பாயைக் கொடுத்து நேரம் வாங்குகிற வியாபாரம்.

நாலாவது நகர்த்தலில் உங்கள் சிப்பாய் பி4-க்குப் போகிறது (எழுத்து பலகையின் நேர்வரிசை, எண் குறுக்குவரிசை). கறுப்பு பிஷப் அதை வெட்டுகிறது. சி3 என்று நீங்கள் விரட்ட, அது ஏ5-க்குப் போகிறது. பையன் விளையாடுவதாக நான் ஊகிக்கும் வரிசையில், டி6 வைத்துவிட்டு பி6-க்கும் போகிறது. எண்ணிப் பாருங்கள், அவனுடைய முதல் ஏழு நகர்த்தலில் நாலு அந்த ஒரே பிஷப்புக்குச் செலவாகியிருக்கிறது. அதற்குள் நீங்கள் சி3, டி4 வைத்து காஸ்லிங்கும் (ராஜாவை ரூக்கோடு ஓரத்தில் பத்திரப்படுத்துவது) முடித்துவிட்டீர்கள். ஒரு சிப்பாய்க்கு மூன்று நகர்த்தல் என்பது பழைய கணக்கு.

அடுத்ததில்தான் வினை. பையனுடைய இந்த வரிசை, உலகச் சாம்பியனாக இருந்த லாஸ்கர் சொல்லிக்கொடுத்த தற்காப்பு. எட்டாவது நகர்த்தலில் டி சிப்பாயால் ஈ5-ஐ வெட்டுகிறீர்கள், அவன் திருப்பி வெட்டுகிறான், ராணிகள் போகின்றன, உங்கள் குதிரை ஈ5-ஐ எடுக்கிறது. கணக்கு நேர். ஆனால் பலகையைப் பாருங்கள். பி சிப்பாயும் டி சிப்பாயும் இல்லாததால் உங்கள் ஏ சிப்பாயும் சி சிப்பாயும் பக்கத்தில் துணையில்லாமல் தனித்தனியாக நிற்கின்றன. அவனுடைய சிப்பாய்களோ மூன்று மூன்றாகக் கைகோத்து நிற்கின்றன. கொடுத்த கடனை வசூலித்துவிட்ட சந்தோஷத்தில் இது கண்ணில் படாது.

எனக்கும் படவில்லை. வெள்ளவத்தையில் கடலைப் பார்த்த ஒரு லேனில் நாங்கள் வாடகைக்கு இருந்தபோது, மேல்மாடியில் பென்ஷன் எடுத்த ஒரு பெரியவர் இருந்தார். மாத்தறை ரயில் போகும்போதெல்லாம் அவருடைய பலகையில் காய்கள் நடுங்கும். அவரோடு இதே வரிசை, இதே ராணி வெட்டு. நான் என்ன செய்தேன்? ஜி சிப்பாயையும் எச் சிப்பாயையும் அவருடைய ராஜாவை நோக்கித் தள்ளினேன். மேட் பண்ண ராணியே இல்லை, ஆனாலும் தாக்குகிறேன்! அவருடைய ரூக் ஆறுதலாக வந்து சி சிப்பாயை எடுத்தது, பிறகு ஏ சிப்பாயை. பிளேன்ரீயை ஒரு வாய் குடித்துவிட்டுச் சொன்னார்: "தம்பி, சனமெல்லாம் வீட்டுக்குப் போயிட்டுது, நீர் ஏன் இன்னும் மேளம் அடிக்கிறீர்?"

உங்கள் நோயும் அதுதான் என்று நினைக்கிறேன். யூடியூப் வீடியோக்கள் மேட்டோடு முடிந்துவிடுகின்றன. எதிராளி சிப்பாயைத் திருப்பிக் கொடுத்த பிறகு வரும் உப்புச்சப்பில்லாத நாற்பது நகர்த்தலை யார் வீடியோ போடுவார்கள்?

1995-இல் ரீகாவில் காஸ்பரோவ், நம்ம ஆனந்தை இதே ஈவன்ஸில் 25 நகர்த்தலில் வென்றார். எனக்குப் பிடித்தது அதன் ஏழாவது நகர்த்தல். ஆனந்தின் குதிரை ஏ5-க்கு வந்து வெள்ளை பிஷப்பைத் தாக்கி நிற்கிறது. ஈ5-ஐ வெட்டிச் சிப்பாயை உடனே வசூலித்திருக்கலாம். காஸ்பரோவ் அதைச் செய்யாமல் பிஷப்பை ஈ2-க்குப் பின்வாங்கினார். கடன் அப்படியே இருக்கட்டும், பிஷப்பும் நேரமும் என்னிடம் இருக்கட்டும் என்கிற நகர்த்தல். தாக்குதலுக்குப் பேர்போன மனிதர், பார்க்கச் சோம்பலாகத் தெரியும் ஒன்றை விளையாடுகிறார்.

நீங்களும் அவசரமாக வசூலிக்கவேண்டாம். அவன் டி6 வைத்ததும், காஸ்லிங்குக்கு முன்பே ராணியை பி3-க்குக் கொண்டுபோங்கள். எஃப்7 மேல் கண் விழும். பெரும்பாலும் ராணியை டி7-இல் வைத்துக் காப்பான். அங்கே அவனுடைய ராணி சொந்த பிஷப்பின் வழியையே மறித்துக்கொண்டு நிற்கும். அப்படியும் ராணிகள் போய்விட்டால், சரி, போகட்டும். தனியே நிற்கும் சிப்பாய்களுக்குக் காவல் போட்டுக்கொண்டு, ராஜாவை நடுவுக்கு நடத்துங்கள்.

லண்டன் சிஸ்டத்தையும் பழகுங்கள், கெடுதல் இல்லை. ஆனால் அதிலும் ராணிகள் வெட்டுப்படும்.

சனிக்கிழமை ஆட்டத்தை எழுதி அனுப்புங்கள். முதல் பத்து நகர்த்தல் எனக்கு வேண்டாம், மிச்சத்தை மட்டும் அனுப்புங்கள்.