21 வயது நிறைந்ததும் பையனைச் சிறைக்கு மாற்றிவிடுவார்களா?

கேள்வி: என் அக்கா மகன் 17 வயதில் ஒரு கொலை வழக்கில் சிக்கி, பெரியவர்களைப் போல் விசாரிக்கப்பட்டு, ஆயுள் தண்டனை பெற்றான். இப்போது, 21 வயது வரை சிறைக்குப் பதிலாக வைத்திருக்கும் பாதுகாப்பிடத்தில் இருக்கிறான். ஐந்து மாதத்தில் 21 வயது நிறைகிறது. அதற்குள் பரோல் வாங்கித் தருவதாக ஒருவர் ஒன்றரை லட்சம் கேட்கிறார். கொடுக்கலாமா?

பதில்: ஒரு ரூபாய்கூடக் கொடுக்காதீர்கள். பரோல் என்று நாம் சொல்வது, தமிழ்நாட்டின் 1982ஆம் ஆண்டுத் தண்டனை நிறுத்திவைப்பு விதிகளின்படி சிறைக் கைதிக்குச் சில நாட்கள் கிடைக்கும் விடுப்பு. நாள் முடிந்தால் திரும்பிவிட வேண்டும். உங்கள் பையனுக்கு வேண்டியது அதுவல்ல, இளைஞர் நீதிச் சட்டம், 2015இன் 20ஆம் பிரிவு. 21 வயதான பிறகும் தண்டனை மீதமிருந்தால், அவன் திருந்தியிருக்கிறானா, சமூகத்தில் பயனுள்ளவனாக வாழ முடியுமா என்று, அவனுக்குத் தண்டனை விதித்த குழந்தைகள் நீதிமன்றம் மதிப்பிட்டே ஆக வேண்டும். திருப்தி ஏற்பட்டால் நிபந்தனைகளுடன், கண்காணிப்புக்கு ஏற்பாடு செய்து, விடுவிக்கலாம். இல்லையென்றால்தான் மீதிக் காலம் சிறையில் கழியும். ஆயுள் தண்டனை என்பதற்காக இந்த வழி அடைபடுவதில்லை.

இதில் எல்லாம் நன்னடத்தை அலுவலரோ மாவட்டக் குழந்தைகள் பாதுகாப்பு அலகோ ஆண்டுதோறும் அனுப்ப வேண்டிய அறிக்கையைப் பொறுத்தது. நான் பார்த்த ஒரு கோப்பில் மூன்றாண்டு அறிக்கைகளும் ஒரே தாளின் நகல்கள். தேதி மட்டும் பேனாவால் திருத்தப்பட்டிருந்தது. ‘நடத்தை திருப்திகரம்’ என்ற ஒரே வரி. அந்தப் பையன் உள்ளேயிருந்தே பத்தாம் வகுப்பு தேறி, தையலும் கற்றிருந்தான். அதைப் பற்றி ஒரு சொல் இல்லை. எழுதுவதற்குச் சம்பளம் வாங்குகிறவர்கள் எழுதாவிட்டால் நீதிபதி எதைப் படித்து விடுவிப்பார்?

ஆகவே 21ஆவது பிறந்தநாள் வரை காத்திராமல், தண்டனை விதித்த நீதிமன்றத்திலேயே இப்போது மனு போடுங்கள். மதிப்பெண் பட்டியல், பயிற்சிச் சான்றிதழ், வெளியே வந்தால் யார் வீட்டில் தங்குவான், யார் வேலை தருவார் என்ற விவரம் எல்லாவற்றையும் இணையுங்கள். வழக்கறிஞர் மாவட்டச் சட்டப்பணிகள் ஆணைக்குழுவில் இலவசமாகவே கிடைப்பார். தொலைபேசி எண் 15100. நீதிமன்ற வாசல் டீக்கடையில் கறுப்புக் கோட்டோடு உட்கார்ந்து ‘ஐயாவிடம் பேசியாயிற்று’ என்பவர் பெரும்பாலும் வழக்கறிஞராகவே இருக்கமாட்டார். வயதைக் குறைத்துச் சான்றிதழ் வாங்கலாம் என்று அடுத்து அவர் சொல்வார். பள்ளிச் சான்றிதழைத்தான் நீதிமன்றம் முதலில் பார்க்கும். போலி என்றால் உங்கள் மீதே புது வழக்கு வரும்.

ஒன்றை மட்டும் விரிவாகச் சொல்ல வேண்டும், ஏனெனில் வழக்கறிஞர்களே இதைத் தவறவிடுகிறார்கள். சிறுவர்கள் மீதான வழக்கு முதலில் போகும் இளைஞர் நீதிக் குழுமம், அதைக் குழந்தைகள் நீதிமன்றத்துக்கு அனுப்பிவைத்துவிட்டது என்பதாலேயே அது பெரியவர்களுக்கான விசாரணை ஆகிவிடாது. குழந்தைகள் நீதிமன்றம் 19(1)ஆம் பிரிவின்படி, இவனைப் பெரியவனாக விசாரிக்கத்தான் வேண்டுமா என்று தானே மறுபடி முடிவெடுக்க வேண்டும். அது வெறும் சடங்கல்ல, கட்டாயம் என்று 2023இல் மத்தியப் பிரதேச வழக்கொன்றில் உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது. வேண்டாம் என்று முடிவானால் அவன் சட்டத்தின் கண்ணில் சிறுவனாகவே நீடிப்பான். தண்டனையால் வரும் தகுதியிழப்பும் ஒட்டாது. வேண்டும் என்று முடிவானால் அந்தப் பாதுகாப்பு கிடையாது, ‘ரெக்கார்டை அழித்துத் தருகிறேன்’ என்று எவர் சொன்னாலும் சரி.

தீர்ப்பின் நகலோடு, விசாரணை நாட்களில் நீதிமன்றம் எழுதிவைத்த உத்தரவுத் தாள்களுக்கும் விண்ணப்பித்து வாங்கி, அந்தத் தனி முடிவு எங்கே எழுதப்பட்டிருக்கிறது என்று வழக்கறிஞரைத் தேடச் சொல்லுங்கள். அது இல்லையென்றால் உயர் நீதிமன்ற மேல்முறையீட்டில் அதுவே உங்கள் முதல் வாதம்.