ரயில் ஓய்வு பெற்ற தடங்கள்

சைக்கிள் பக்கம்: மண்டபத்தில் முப்பத்தோரு ஆண்டுகள் தண்டவாளப் பராமரிப்பு வேலை பார்த்து ஓய்வு பெற்ற சைக்கிள்காரர் வாசகர்களுக்குப் பதில் சொல்கிறார்.

கேள்வி: நானும் என் தம்பியும் கீழக்கரையிலிருந்து சாயல்குடி வரை கிழக்குக் கடற்கரைச் சாலையில் சைக்கிள் ஓட்டுகிறவர்கள். பின்னால் மீன் லாரி ஹாரன் அடித்தால் மண்ணில் இறங்கி நிற்பதே பழக்கமாகிவிட்டது. வரும் மே மாதம் பதினைந்து நாள் பிரான்சுக்குப் போகிறோம். மோட்டார் வண்டியே வராத கிராமத்துப் பாதைகள் அங்கே இருக்கின்றனவாமே, உண்மையா?
- வாசகர், கீழக்கரை

பதில்: உண்மைதான் தம்பி. 'வுவா வேர்த்' என்பார்கள், பச்சைப் பாதை என்று பொருள். 2004-ல் போக்குவரத்துச் சட்டத்திலேயே இதற்கு இடம் கொடுத்துவிட்டார்கள். நடப்பவர் போகலாம், சைக்கிள் போகலாம், சில இடங்களில் குதிரையும் போகலாம். மோட்டார் வண்டி கூடாது.

ஒரு பாதையைத் தேர்ந்தெடுக்கும் முன் அது முன்பு என்னவாக இருந்தது என்று விசாரியுங்கள். என் அனுபவத்தில் வரைபடத்தைவிட அதுதான் அதிகம் சொல்லும். நல்ல பாதைகளில் பெரும்பாலானவை ஒன்று பழைய ரயில் பாதையாக இருக்கும், அல்லது கால்வாய்க் கரையாக இருக்கும். 1879-ல் ஃப்ரெசினே என்ற பொதுப்பணி அமைச்சர் சிற்றூர்களுக்கெல்லாம் ரயில் விடுவது என்று திட்டம் போட்டார். கிளைப் பாதைகள் ஏராளமாகப் பிறந்தன. பிறகு பஸ்ஸும் காரும் வந்தன, பயணிகள் குறைந்தார்கள், ஒவ்வொன்றாக மூடினார்கள். தண்டவாளத்தையும் ஸ்லீப்பர் கட்டைகளையும் பெயர்த்தெடுத்த பிறகும் கரையும் பாலமும் ரயிலுக்காக மலையைக் குடைந்த குகையும் அப்படியே கிடக்கின்றன. மேலே தார் போட வேண்டியதுதான் பாக்கி.

பர்கண்டிப் பகுதியில் ஷிவ்ரிக்கும் க்ளூனிக்கும் நடுவே 44 கிலோமீட்டர் அப்படித்தான் மாறியது. 1997-ல் திறந்தார்கள், நாட்டிலேயே முதல் பச்சைப் பாதை அது. நானும் முதலில் ஓட்டியது அதைத்தான். வழியில் ஒரு பழைய ஸ்டேஷனில் பிளாட்பாரம் இருந்தது, தண்டவாளம் இருந்த இடத்தில் தார்ப்பாதை. பிளாட்பாரத்தின் விளிம்புக் கல்லில் கால் தொங்கப் போட்டு உட்கார்ந்து வாழைப்பழம் தின்றேன். பணியில் இருந்த காலத்தில் எவராவது அப்படி உட்கார்ந்திருந்தால் விசில் ஊதி விரட்டியிருப்பேன். தின்று முடிக்கும் வரை இரண்டு பக்கமும் திரும்பித் திரும்பிப் பார்த்துக்கொண்டே இருந்தேன். வரப்போகும் வண்டி எதுவும் இல்லை என்று தலைக்குத் தெரிகிறது, கழுத்துக்குத் தெரியவில்லை.

க்ளூனியைத் தாண்டித் தெற்கே போனால் புவா க்ளேர் குகை வரும். 1.6 கிலோமீட்டர் நீளம். வெளியே வெயில் காய்ந்தாலும் உள்ளே ஸ்வெட்டர் தேடுவீர்கள். சுவரில் கை வைத்தால் கல் ஈரமாக இருக்கும். விளக்கு கட்டாயம் வேண்டும். குளிர்காலத்தில் வௌவால்கள் உறங்குவதற்காகக் குகையை மூடிவிடுவார்கள், அப்போது மேட்டைச் சுற்றி ஏறித்தான் போக வேண்டும். மே மாதம் போகிறவர்களுக்கு அந்தக் கவலை இல்லை.

கேள்வி: எனக்கு வயது 54. சைக்கிள் ஓட்டப் பிடிக்கும், ஆனால் முழங்கால் ஒத்துழைப்பதில்லை. ஏற்றம் இல்லாத பாதையாகச் சொல்லுங்கள் ஐயா.
- ஆசிரியை, மண்டபம்

பதில்: டீச்சர், ரயிலுக்கு உங்களைவிட முழங்கால் மோசம். இரும்புச் சக்கரம் இரும்பின் மேல் வழுக்கும், அதனால் செங்குத்தாக ஏறாது. நூறு மீட்டர் ஓடினால் ஒரு மீட்டரோ இரண்டு மீட்டரோதான் ஏறும்படி பாதையை வெட்டியிருப்பார்கள். அந்தப் புண்ணியம் இப்போது நமக்கு.

கால்வாய் அதைவிடச் சாது. அந்தக் காலத்தில் குதிரை நடந்து படகு இழுத்த கரை அது. தண்ணீர் நிற்கும் மட்டத்திலேயே பாதையும் போகும். படகை ஏற்றி இறக்கும் மதகு வரும்போது மட்டும் ஓர் ஆள் உயரத்துக்குச் சின்ன ஏற்றம். துலூஸிலிருந்து மேற்கே போகும் கரோன் கால்வாயை உங்களுக்குச் சொல்வேன். 193 கிலோமீட்டரில் 53 மதகுகள், ஏறக்குறைய எல்லா இடத்திலும் தார்ப்பாதை. அஜான் ஊரில் கால்வாயே 23 வளைவுகள் கொண்ட கல்பாலத்தின் மேல் ஏறி ஆற்றைக் கடக்கிறது. பாலத்தின் மேல் தண்ணீர், தண்ணீரில் படகு, அதற்குக் கீழே கரோன் ஆறு. பாம்பன் பாலத்தில் வேலை செய்தவன் நான், எனக்கே அரை மணி நேரம் அங்கிருந்து நகர மனம் வரவில்லை.

அதே துலூஸிலிருந்து கிழக்கே போகும் மிதி கால்வாய்தான் பெயர் பெற்றது. 1681-ல் கட்டி முடித்தது, உலகப் பாரம்பரியச் சின்னம், படங்களில் அழகோ அழகு. ஆனால் பெயரைப் பார்த்து ஏமாற வேண்டாம். துலூஸிலிருந்து முதல் ஐம்பது கிலோமீட்டர் போல வழவழப்பான பாதை. நான் போனபோது மாவட்ட எல்லை தாண்டியதும் மண்தடம், குறுக்கே பிளேன் என்ற நிழல் மரங்களின் வேர். பின்சக்கரத்தில் இரண்டு கம்பிகளை அங்கேதான் பறிகொடுத்தேன். அந்த மரங்களையும் ஒரு பூஞ்சை நோய் பிடித்து, ஆயிரக்கணக்கில் வெட்டிக்கொண்டிருக்கிறார்கள். உங்கள் முழங்காலோடு, இப்போது பாதை எப்படி என்று விசாரிக்காமல் எல்லையைத் தாண்ட வேண்டாம்.

கேள்வி: லுவார் ஆற்றோரப் பாதைதான் சிறந்தது என்கிறான் என் அண்ணன் மகன். அது முழுக்க வண்டி இல்லாததா? எந்த முனையிலிருந்து தொடங்குவது?
- வாசகர், தொண்டி

பதில்: நெவேர் ஊரிலிருந்து கடல் வரை சுமார் 900 கிலோமீட்டர். முழுக்க வண்டி இல்லாதது அல்ல, நடுநடுவே கிராமத்துச் சாலைகளும் உண்டு. அங்கே மணிக்கு இரண்டு கார் வந்தால் அதிகம். இருந்தாலும் பச்சைப் பாதை என்று நம்பிப் போகிறவர் தெரிந்துகொண்டு போக வேண்டும்.

இரண்டாவது கேள்விதான் நல்ல கேள்வி. தொண்டிக்காரரே கேட்டாரே என்று மகிழ்ந்தேன். ரயில் பாதையிலும் கால்வாயிலும் மேடு கிடையாது, ஆகவே மேடு என்று இருப்பது காற்று ஒன்றுதான். பழைய பாம்பன் பாலத்தில் காற்று மணிக்கு 58 கிலோமீட்டரைத் தாண்டினால் ரயிலுக்கே சிவப்பு விளக்கு விழுந்தது. சைக்கிளுக்கு அதில் பாதி போதும். லுவார் பக்கம் பெரும்பாலும் கடலிலிருந்து மேல்காற்று, நம் கச்சான் போல. ஆகவே கடல் முனையில் தொடங்கிக் கிழக்கே வாருங்கள். ரோன் ஆற்றோரப் பாதை என்றால் வடக்கிலிருந்து மிஸ்த்ரால் என்ற காற்று அடிக்கும், அங்கே தெற்கு நோக்கிப் போங்கள். எல்லாரும் ஆற்றின் ஓட்டத்தைப் பார்த்துத் திட்டம் போடுகிறார்கள். ஆற்றின் சரிவு சைக்கிளுக்கு உறைக்கவே உறைக்காது.

துலூஸ் பக்கம் மட்டும் கணக்கு தப்பும். மேல்காற்று பின்னால் தள்ளும் என்று கிழக்கே கிளம்பினால், சில நாள் தென்கிழக்கிலிருந்து ஒத்தான் என்ற காற்று எழும். பைத்தியக்காரர் காற்று என்றே அதற்குப் பட்டப்பெயர். ஒரு நாள் அதில் மாட்டி முப்பது கிலோமீட்டருக்கு மூன்றரை மணி நேரம் எடுத்தேன். துலூஸில் இருக்கும் என் மகள் தொலைபேசியில், "அப்பா, நடந்தே வந்திருக்கலாமே" என்றாள்.

கேள்வி: வழியில் சோறு தண்ணீர் கிடைக்குமா?
- வாசகர், சாயல்குடி

பதில்: சோறு கிடைக்காது, ரொட்டி கிடைக்கும். அதுவும் நேரம் பார்த்துத்தான். பகல் பன்னிரண்டு மணிக்குக் கடையைச் சாத்தினால் இரண்டு மணிக்கு மேல் திறப்பார்கள். ஞாயிறு பிற்பகல் ஊரே உறங்கும், திங்கட்கிழமை பல ரொட்டிக் கடைகளுக்கு விடுமுறை. ஒரு திங்களன்று மூன்று கிராமம் கடந்தும் பூட்டைத்தான் பார்த்தேன், பையில் கிடந்த கடலைமிட்டாய் காப்பாற்றியது. தண்ணீருக்குக் கல்லறைத் தோட்டத்தைத் தேடுங்கள். பூச்செடிகளுக்காக அங்கே குழாய் வைத்திருப்பார்கள். குடிக்கக் கூடாத தண்ணீர் என்றால் 'நோன் பொத்தாப்ள்' என்று எழுதியிருக்கும். முதல் தடவை தயக்கமாக இருக்கும், வெயில் ஏறினால் தயக்கம் இறங்கிவிடும்.

கேள்வி: இங்கிருந்து சைக்கிள் கொண்டுபோகலாமா? ரயிலில் ஏற்றுவார்களா?
- வாசகர், ராமநாதபுரம்

பதில்: இரண்டு வாரத்துக்காகக் கொண்டுபோகாதீர்கள், அங்கே வாடகைக்கு எடுங்கள். உள்ளூர் ரயில்களில் பொதுவாகக் கட்டணம் இல்லாமல் ஏற்றலாம், கோடையில் சில தடங்களுக்கு முன்பதிவு கேட்பார்கள். அதிவேக ரயிலில் சைக்கிளுக்கென்று தனி டிக்கெட் வேண்டும், இல்லையென்றால் கழற்றிப் பையில் போட வேண்டும். 'அக்கேய் வேலோ' என்ற பலகை தொங்கும் விடுதிகளில் சைக்கிள் வைக்கப் பூட்டிய இடமும் பஞ்சர் ஒட்டும் சாமானும் இருக்கும். ஒன்று சொல்ல விட்டுப்போனது: பச்சைப் பாதை சாலையைக் கடக்கும் இடங்களில் கார் நுழையாதபடி குறுகலான தடுப்பு வைத்திருப்பார்கள். இரண்டு பக்கமும் பை தொங்கவிட்டால் சிக்கும். எனக்குச் சிக்கியது.

கேள்வி: ஐயா, தனுஷ்கோடிக்குப் போன பழைய ரயில் பாதையை அப்படி மாற்றலாமே?
- கல்லூரி மாணவர், ராமேஸ்வரம்

பதில்: எனக்கும் ஆசைதான். ஆனால் அவர்கள் ரயில் ஆள் இல்லாமல் நின்றது, நம்முடையது 1964 டிசம்பர் புயலில் ஒரே இரவில் போனது. கரை இருந்த இடத்தில் பல பகுதிகள் மணலுக்குள் கிடக்கின்றன, வாடைக்காற்று ஒரு பருவம் அடித்தால் மணலும் இடம் மாறிவிடும். அதில் தார் போட்டால் ஆண்டுதோறும் வாரிக்கொண்டிருக்க வேண்டும், வாருகிற வேலை பார்த்தவன் சொல்கிறேன். அரிச்சல்முனை வரை 2017-ல் போட்ட சாலை இருக்கிறது. விடிந்ததும் கிளம்பினால் வேன்கள் வருவதற்குள் முனையைத் தொட்டுவிடலாம். ஆனி, ஆடியில் திரும்பும்போது கச்சான் முகத்தில் அடிக்கும். தண்ணீர் பாட்டில் இரண்டு எடுத்துக்கொள் தம்பி, ஒன்றைத் திரும்பும் வரை திறக்காதே.