எருது விடும் விழாவில் வேடிக்கை பார்க்கப் போனவருக்கு அடிபட்டால் யார் பொறுப்பு?

கேள்வி: எருது விடும் விழா பார்க்கப் போன என் தம்பியை மாடு தள்ளியதில் கை முறிந்துவிட்டது. "வேடிக்கை பார்க்க வந்தது உங்க பொறுப்பு, நாங்க ஒண்ணும் பண்ண முடியாது" என்கிறது விழாக் குழு. அவர்கள் சொல்வது சரியா?

தம்பி எங்கே நின்றார்? தடுப்புக்கு உள்ளேயா, வெளியேயா, அல்லது மாடு ஓடி முடிக்கிற இடத்திலா? அதைச் சொல்லாமல் சரி, தப்பு என்று யாரும் சொல்ல முடியாது. எங்கள் வீட்டிலேயே இரண்டு பேருக்கு அடிபட்டது, இரண்டு பேருக்கும் இதே பதிலைத்தான் சொன்னார்கள். ஒருவர் விஷயத்தில் அது நியாயம், இன்னொருவர் விஷயத்தில் அநியாயம்.

நியாயமான கேஸ் நான்தான். 2018, பொங்கல் முடிந்து இரண்டாவது வாரம், வேப்பனப்பள்ளிப் பக்கம் ஒரு ஊர். கொம்பில் கட்டியிருந்த தட்டியைப் பறிக்கிற தைரியமெல்லாம் எனக்குக் கிடையாது, வீடியோ நன்றாக வரும் என்று தடுப்பைத் தாண்டி உள்ளே இறங்கி நின்றேன். மைக்கில் கத்திக்கொண்டேதான் இருந்தார்கள், "உள்ள நிக்கிற தம்பிங்க வெளிய போங்கப்பா" என்று. மாடு வந்தது, போனை இறக்குவதற்குள் தொடையில் பதினான்கு தையல். கிருஷ்ணகிரியில் ஆஸ்பத்திரிக் கட்டிலில் கிடந்தபோது அம்மா கேட்டது ஒன்றே ஒன்றுதான்: "மாடு உன்னைத் தேடி வந்துச்சா, நீ மாட்டைத் தேடிப் போனியா?" நான் யார் மேலும் கேஸ் போடவில்லை. போட்டிருந்தாலும் நீதிபதி அம்மா கேட்டதையே சட்ட பாஷையில் கேட்டிருப்பார். ஆபத்து தெரிந்து, தானாக விரும்பி அதை ஏற்றுக்கொண்டவர் பின்னால் வந்து நஷ்டஈடு கேட்க முடியாது என்பது தீங்கியல் சட்டத்தில், அதாவது ஒருவரால் இன்னொருவருக்கு வந்த தீங்குக்கு நஷ்டஈடு கேட்கிற சட்டத்தில், ரொம்பப் பழைய கொள்கை.

அடுத்த வருஷம் பெரியம்மா. பர்கூர் பக்கம், அவர் பிறந்த ஊர். பேரனை இடுப்பில் வைத்துக்கொண்டு தடுப்புக்கு வெளியே, பெண்கள் நின்ற பக்கம் நின்றிருக்கிறார். தடுப்பு என்றால் ஒற்றை வரிசை சவுக்குக் கம்பு, கயிற்றால் கட்டியது, அதன் மேலேயே பத்துப் பதினைந்து பையன்கள் ஏறி உட்கார்ந்திருந்தார்கள். மாடு ஓரமாக ஒதுங்கியதும் பையன்கள் பின்பக்கம் குதிக்க, தடுப்பு மொத்தமும் அவர் மேல் சாய்ந்தது. பேரனுக்கு ஒன்றும் ஆகவில்லை, பெரியம்மாவுக்கு இடுப்பு எலும்பு முறிவு. மாடு அவரைத் தொடவே இல்லை. அவரிடமும் வந்து "வேடிக்கை பார்க்க வந்தது உங்க பொறுப்பும்மா" என்றார்கள்.

மாடு முட்டும் என்பது தெரிந்துதான் எல்லோரும் போகிறோம். கட்டின கையோடு தடுப்பு சாயும் என்பதைத் தெரிந்து யாரும் போவதில்லை. விளையாட்டோடு பிறந்த ஆபத்தைப் பார்க்க வந்தவர் ஏற்றுக்கொள்கிறார், ஏற்பாட்டில் இருக்கிற ஓட்டையை அவர் ஏற்றுக்கொள்ளவில்லை. 2025 ஜூன் 4 அன்று பெங்களூரு சின்னசாமி ஸ்டேடியம் வாசலில் நெரிசலில் சிக்கி 11 பேர் இறந்தார்களே, அன்றைக்கும் எங்கள் ஊர் டீக்கடையில் "இதுங்களை யார் போகச் சொன்னது" என்றுதான் பேச்சு. எனக்குக் கோபமாக வந்தது. மேட்ச் பார்க்க உட்கார்ந்திருக்கும்போது சிக்ஸர் பந்து தலையில் பட்டால் அது ஆட்டத்தோடு வருவது, சரி. கேட்டில் நசுங்கிச் சாவதை எந்த ரசிகன் ஏற்றுக்கொண்டு போனான்?

இதில் இங்கிலாந்துத் தீர்ப்பு ஒன்று உண்டு, விழாக் குழுவுக்காக வாதாடுகிறவர்கள் அதைத்தான் எடுப்பார்கள். புரூக்லேண்ட்ஸ் என்ற கார் பந்தய மைதானத்தில் 1930-ல் இரண்டு கார்கள் உரசி, ஒன்று தடுப்பைத் தாண்டிக் கூட்டத்தில் விழுந்தது, இரண்டு பேர் இறந்தார்கள். அடிபட்ட பார்வையாளர் வழக்குப் போட்டு ஜூரியிடம் ஜெயித்தார், மேல்முறையீட்டில் தோற்றார். மைதானம் திறந்து இருபது வருஷத்துக்கு மேல் ஒரு கார்கூட அப்படித் தாண்டி வந்ததில்லை, யாரும் எதிர்பார்த்திருக்க முடியாததற்கு நடத்தினவர் பொறுப்பில்லை என்பதுதான் தோற்றதற்கு முக்கியக் காரணம். அதை அப்படியே நம் ஊருக்குக் கொண்டுவந்து பாருங்கள். இங்கே மாடு தடுப்பைத் தாண்டாத வருஷம் எது? பெரியம்மா ஊரில் அதற்கு முந்தின வருஷமும் அதே மூலையில் தடுப்பு சாய்ந்திருக்கிறது, ஊரே சொன்னது. எதிர்பார்க்கவில்லை என்று அந்தக் குழுவால் எப்படிச் சொல்ல முடியும்? அந்தத் தீர்ப்பு நம் பக்கம்தான் பேசுகிறது.

மாடு ஓடி முடிக்கிற இடத்தைக் கேட்டதற்குக் காரணம் இருக்கிறது. நான் பார்த்தவரை மோசமான அடியெல்லாம் ஓடுபாதையில் விழுவதில்லை, தடுப்பு முடிகிற இடத்துக்கு அப்பால்தான் விழுகிறது. மாட்டுக்கு ரேஸ் முடிந்தது தெரியாது, அது பாட்டுக்கு ஓடும். அங்கே கயிற்றோடு காத்திருக்க வேண்டிய மாட்டுக்காரர் கூட்டத்தில் மாட்டிக்கொண்டு இருப்பார், பக்கத்தில் ஐஸ் வண்டி, பஜ்ஜிக் கடை, நிறுத்தின பைக்கில் உட்கார்ந்திருக்கிற ஆட்கள். அங்கே அடிபட்டவரைப் போய் "நீ விரும்பித்தானே வந்தாய்" என்று கேட்பது அபத்தம். அப்படியென்றால் குழு மட்டும் இல்லை, மாட்டுக்காரரும் பதில் சொல்ல வேண்டும், அதுவும் முட்டுகிற மாடு என்று பேர் எடுத்த மாடாக இருந்தால் கட்டாயம்.

நடுவில் நிற்கிற கேஸ்களும் உண்டு. தடுப்பு சரியில்லை, ஆனால் இவரும் அதன் மேல் ஏறி உட்கார்ந்தார் என்றால் இரண்டு பக்கமும் தப்பு. மோட்டார் விபத்து வழக்குகளில் பார்த்திருப்பீர்கள், இவர் மேல் இத்தனை சதவீதம், அவர் மேல் இத்தனை சதவீதம் என்று பிரித்து இழப்பீட்டைக் குறைப்பார்கள். மொத்தமாகக் கைவிரிப்பதில்லை. தம்பி சின்னப் பையன் என்றால் "தெரிந்தே ஏற்றுக்கொண்டான்" என்ற வாதம் இன்னும் பலவீனம்.

"கலெக்டர் அனுமதி வாங்கித்தான் நடத்தினோம்" என்றும் சொல்வார்கள். சொல்லட்டும், அது உங்களுக்குத்தான் நல்லது. 2017-ல் வந்த தமிழ்நாட்டுச் சட்டத் திருத்தத்தில் ஜல்லிக்கட்டு என்ற சொல்லுக்குள்ளேயே எருது விடும் விழாவும் அடக்கம், ஜனவரியிலிருந்து மே வரை நடத்தலாம், ஆனால் நிபந்தனையோடு. இரட்டைத் தடுப்பு அதில் ஒன்று. அனுமதி வாங்கினேன் என்றாலே அந்த நிபந்தனை எனக்குத் தெரியும் என்று ஒப்புக்கொண்ட மாதிரிதான். 2023 பிப்ரவரி 2-ல் ஓசூர் பக்கம் கோபசந்திரத்தில் அனுமதி தாமதம் என்று தேசிய நெடுஞ்சாலையையே மறித்தார்கள், பஸ் கண்ணாடியெல்லாம் உடைந்தது. அனுமதிக்குக் காட்டுகிற வேகத்தில் கால்வாசியை இரண்டாவது வரிசைக் கம்புக்குக் காட்டலாம்.

அதே சமயம் அனுமதி கொடுத்த அரசு மேல் பழியைப் போட்டால் பணம் வரும் என்று நம்பி உட்காராதீர்கள். டெல்லி உபஹார் தியேட்டரில் 1997 ஜூன் 13-ல் தீப்பிடித்து 59 பேர் இறந்த வழக்கில், 2011-ல் உச்ச நீதிமன்றம் உரிமம் கொடுத்த போலீஸையும் மாநகராட்சியையும் இழப்பீட்டிலிருந்து விடுவித்துவிட்டது. தியேட்டர்காரர் மேல் 85 சதவீதம், மின்சார வாரியம் மேல் 15 சதவீதம். இடத்தைக் கையில் வைத்திருந்தவர் யாரோ அவரைத்தான் முதலில் பிடிப்பார்கள்.

இப்போது உங்கள் விஷயம். எந்த வெள்ளைத் தாளிலும் கையெழுத்துப் போடாதீர்கள். பெரியம்மா வீட்டுக்கு நான்காம் நாள் ஊர்ப் பெரியவர்கள் நான்கு பேர், ஒரு டஜன் ஆப்பிள், பத்தாயிரம் ரூபாய், "இனிமேல் எந்த உரிமையும் கோர மாட்டேன்" என்று எழுதின தாள், எல்லாம் சேர்ந்தே வந்தன. பெரியம்மா ஆப்பிளை மட்டும் எடுத்துக்கொண்டு, "எனக்குக் கண்ணாடி இல்லாம படிக்க வராதுங்க, பையன் வரட்டும்" என்று அனுப்பிவிட்டார். அப்புறம் ஆஸ்பத்திரியில் விபத்துப் பதிவேட்டின் நகலை வாங்குங்கள், அதில் "கீழே விழுந்தார்" என்று எழுதியிருக்கிறதா, விழாவில் நடந்தது என்று எழுதியிருக்கிறதா என்று பாருங்கள், பல பேர் இங்கேதான் கோட்டை விடுகிறார்கள். போலீஸில் புகார் கொடுத்து ரசீது வாங்குங்கள். அனுமதி ஆணையின் நகலைத் தகவல் அறியும் உரிமைச் சட்டத்தில் கேளுங்கள். அன்று எடுத்த வீடியோ ஊரில் எல்லோர் போனிலும் இருக்கும், ஸ்டேட்டஸ் போய்விடும், அதனால் இன்றைக்கே கேட்டு வாங்குங்கள். டிக்கெட் இல்லாத விழா என்பதால் நுகர்வோர் கோர்ட் ஒத்துவராது, சிவில் கோர்ட்தான். வக்கீல் செலவுக்குப் பயமாக இருந்தால் கோர்ட் வளாகத்திலேயே மாவட்ட சட்டப் பணிகள் ஆணைக்குழு இருக்கிறது. பெண்களுக்கு வருமானம் பார்க்காமல் இலவசமாக வக்கீல் வைத்துத் தருவார்கள், பெரியம்மாவுக்கு அப்படித்தான் நோட்டீஸ் போனது. நோட்டீஸ் போன பிறகு குழுவே கூப்பிட்டு ஆபரேஷன் செலவை மூன்று தவணையில் கட்டியது. அதுவே அதிகம் என்று சொந்தக்காரர்கள் சொன்னார்கள், எனக்குக் குறைவு என்றுதான் இன்னும் படுகிறது.

ஆனால் தம்பியும் என்னைப் போல உள்ளே இறங்கி வீடியோ எடுத்துக்கொண்டிருந்தார் என்றால், கை சீக்கிரம் கூடட்டும் என்று மட்டும்தான் என்னால் சொல்ல முடியும்.