-ஓ2 போட்டால் மாறிகள் தெரியவில்லை, -ஓ0 போட்டால் நிரல் ஆமை வேகம்: ஜிசிசியில் நடுவழி உண்டா?

உண்டு. சி, சி++ நிரல்களை இயந்திரக் குறிமுறையாக மாற்றும் கம்பைலரான ஜிசிசியில், -ஓ0 என்றால் மேம்படுத்தல் கிட்டத்தட்ட இல்லை, -ஓ2 என்றால் வேகத்துக்கான மேம்படுத்தல் அதிகம். ஜிசிசி 4.8-இல், அதாவது 2013-இல், இந்த நடுவழிக்கென்றே -ஓஜி (-Og) என்ற தெரிவு வந்தது. பிழைதிருத்தத்துக்கு இடைஞ்சல் தராத மேம்படுத்தல்களை மட்டும் அது செய்யும். அன்றாட வேலைக்கு அதையே வையுங்கள்.

மாறியின் மதிப்பைக் கேட்டால், பிழைதிருத்தும் கருவியான ஜிடிபி ஏன் 'ஆப்டிமைஸ்டு அவுட்' (மேம்படுத்தலில் நீக்கப்பட்டது) என்கிறது? -ஓ2-இல் ஒரு மாறி பெரும்பாலும் ரெஜிஸ்டரில், அதாவது செயலிக்குள்ளேயே இருக்கும் சிறு சேமிப்பிடத்தில், மட்டுமே வாழும். கடைசிப் பயன்பாடு முடிந்ததும் அந்த ரெஜிஸ்டர் வேறு வேலைக்குப் போய்விடும், மதிப்பும் அதோடு போச்சு. சிறு ஃபங்ஷன்கள் அழைத்த இடத்திலேயே கரைந்துவிடும். வரிகளும் இடம் மாறும், அதனால்தான் ஜிடிபியில் வரிவரியாக ஸ்டெப் போகும்போது முன்னும் பின்னும் தாவுகிறது.

அப்புறம், பிழைதிருத்தத் தகவலைக் கோப்பில் சேர்க்கும் -ஜி தெரிவைப் போட்டால் வேகம் குறையும் என்று பலர் தவிர்க்கிறார்கள். தயவுசெய்து அப்படிச் செய்யாதீர்கள். கோப்பின் அளவு பெருகுமே தவிர, உருவாகும் இயந்திரக் குறிமுறை மாறாது. வெளியீட்டுக்கும் -ஓ2, -ஜி இரண்டையும் சேர்த்தே போட்டு, சிம்பல்களை, அதாவது அந்தப் பிழைதிருத்தத் தகவலை, தனிக்கோப்பாகப் பிரித்து வையுங்கள். வாடிக்கையாளரிடம் நிரல் விழுந்தால் அந்தக் கோப்புதான் கை கொடுக்கும்.

சிக்கல் ஒரே கோப்பில்தான் என்றால் அதை மட்டும் -ஓ0-இல் கம்பைல் செய்தால் போதும். ஆனால் -ஓ0-க்கு மாறியதுமே பிழை மறைந்தால் நிம்மதி அடையாதீர்கள். தொடக்க மதிப்பு தராத மாறியோ, எல்லை தாண்டிய அரேயோ பெரும்பாலும் உள்ளே இருக்கும்.