முட்டைக்குள்ளும் மூச்சு உண்டு: செட்டிநாட்டு வாசகர் கேள்வி-பதில்

இந்த முறை வந்த கடிதங்களில் பாதி ஊருணியிலும் கண்மாயிலும் இருந்து வந்திருக்கின்றன, மீதி அடுப்படியில் இருந்து. ஒரே மாதிரிக் கேள்விகளைச் சேர்த்துப் பதில் எழுதியிருக்கிறோம்.

எங்கள் ஊருணித் தண்ணீர் ஒரு மாதமாகப் பச்சைப் பசேலென்று கிடக்கிறது. போன வாரம் விடியற்காலையில் கெண்டைகள் செத்து மிதந்தன. யாரோ மருந்து கலந்துவிட்டதாக ஊரில் பேச்சு. அப்படித்தான் இருக்குமா? (தேவகோட்டை)

அவசரப்பட்டு யார் மேலும் பழி போட வேண்டாம். எந்த நேரத்தில் செத்தது, பொடி மீன் செத்ததா பெரிய மீனா, எது தப்பியது என்று முதலில் பாருங்கள். விஷம் என்றால் பகல் இரவு பார்க்காது. பொடி மீன்தான் முதலில் போகும், தவளையும் தண்ணீர்ப் பாம்பும்கூட மிஞ்சாது. மூச்சுத் திணறல் என்றால் சாவு விடியலை ஒட்டித்தான் வரும், பெரிய மீன் முதலில் சாகும். விராலும் பனையேறிக் கெண்டையும் ஒன்றும் ஆகாமல் திரியும், ஏனென்றால் அவை மேலே வந்து காற்றையே விழுங்கக் கூடியவை. நீங்கள் எழுதியிருப்பது இரண்டாவது வகை.

தண்ணீரைப் பச்சையாக்குவது கண்ணுக்குத் தனித்தனியாகத் தெரியாத பாசி. பகலில் அது வெயிலை வைத்து உணவு தயாரித்து ஆக்சிஜனை வெளிவிடும். பிற்பகல் 3 மணிக்குத் தண்ணீரைச் சோதித்தால் ஆக்சிஜன் ததும்பும். பொழுது சாய்ந்ததும் அந்த வேலை நின்றுவிடும், மூச்சு மட்டும் நிற்காது. பாசி, மீன், அடிச்சேற்றில் உள்ள பாக்டீரியா என்று எல்லாம் விடிய விடிய அதே ஆக்சிஜனை எடுக்கும். 30 டிகிரி வெப்பத்தில் ஒரு லிட்டர் தண்ணீர் சாதாரணமாகப் பிடித்துவைக்கும் ஆக்சிஜனே ஏறக்குறைய 7.5 மில்லிகிராம்தான். அது 3-க்குக் கீழே போனால் கெண்டைகள் மேல்மட்டத்தில் வாயைத் திறந்து திறந்து மூடும். 1-க்கு வந்தால் சாகும். இரண்டு மூன்று நாள் மூடாப்பாக இருந்துவிட்டால் நிலைமை இன்னும் மோசம், பகலில் சேர வேண்டிய கையிருப்பே சேர்ந்திருக்காது.

முழங்கை வரை கையைத் தண்ணீருக்குள் நேராக விடுங்கள். உள்ளங்கை மங்கலாகவாவது தெரிந்தால் பரவாயில்லை. மணிக்கட்டுக்குக் கொஞ்சம் கீழேயே மறைந்துவிட்டால் ஆபத்து. அன்றே இரை போடுவதை நிறுத்துங்கள். இரவு 2 மணியில் இருந்து விடியும் வரை மோட்டார் வைத்து, ஊருணித் தண்ணீரையே எடுத்து உயரத்தில் இருந்து மழை போலத் திரும்ப விழச் செய்யுங்கள். பாசியை ஒரே நாளில் கொல்லும் மருந்தைத் தூவுவதுதான் பலரும் செய்யும் தப்பு. செத்த பாசி அத்தனையும் ஒரே நேரத்தில் அழுகும், அழுகுவதற்கும் ஆக்சிஜன் வேண்டும், மிச்சம் இருந்த மீனும் அதில் போய்விடும்.

காரணத்தை வரத்துக் காலில் தேடுங்கள். மாட்டுச் சாணம், சோப்பு நுரை, விசேஷ வீட்டு எச்சில் சோறு, வயல் உரம் என்று தழைச்சத்தும் மணிச்சத்தும் வந்து சேரும் வழி அதுதான். அதை அடைக்காமல் பாசியோடு சண்டை போட்டுப் பயனில்லை. இன்னொன்று: நீலப்பச்சை நிறத்தில் சாயம் கரைத்தாற்போல ஓரத்தில் ஆடை கட்டினால் அந்தத் தண்ணீரை ஆடுமாடு குடிக்கவும் விடாதீர்கள். அந்த வகைப் பாசியின் நஞ்சு கொதிக்க வைத்தாலும் போகாது.

வேட்டங்குடியில் பறவைக்காகத் தீபாவளிக்கு வெடி போடுவதில்லை என்கிறார்கள். வெடிச் சத்தத்தால் முட்டை உடைந்துவிடுமா? (திருப்பத்தூர்)

முட்டை உடையாது. தாய் எழுந்து போய்விடும், அதுதான் சிக்கல். வடகிழக்குப் பருவமழையை நம்பி நாரையும் கொக்கும் கண்மாய்க்குள் நிற்கும் கருவேல மரங்களில் கூடு கட்டத் தொடங்கும் காலத்தில்தான் தீபாவளியும் வருகிறது. கூட்டமாகக் கூடு கட்டும் பறவைகளில் ஒன்று மிரண்டால் எல்லாமே எழும்பும். கால் மணி நேரம் முட்டை வெயிலில் கிடந்தால் உள்ளிருக்கும் கரு சூட்டில் சாகும், இல்லாவிட்டால் காக்காய் கொத்தும். வேட்டங்குடி 1977-இல் சரணாலயம் ஆனது. ஊர்க்காரர்கள் வெடியைத் தவிர்ப்பது சட்டத்துக்குப் பயந்து அல்ல.

சிறுவிடைக் கோழிக்கு 14 முட்டை அடை வைத்தேன். 5 குஞ்சுதான் பொரித்தது. மூன்று முட்டையில் முழுக்குஞ்சு செத்துக் கிடந்தது, மீதி கூமுட்டை. சித்திரையில் வைத்தது. கோழி சரியில்லையா? (கானாடுகாத்தான்)

கோழியைக் குறை சொல்ல வேண்டாம். 14 முட்டை சிறுவிடைக்கு அதிகம். 9, மிஞ்சினால் 11. வயிற்றுக்கு அடியில் அடங்காத முட்டை மாறி மாறிக் குளிர்ந்து சூடாகிக் கெடும்.

பெரிய காரணம் சித்திரை. கோழி உட்கார்ந்தால்தான் கரு வளரும் என்று நினைக்கிறோம். ஏறக்குறைய 21 டிகிரிக்கு மேல் போனாலே கரு மெல்ல வளர ஆரம்பித்துவிடும். சமையலறை மாடத்தில் கிடந்த முட்டை பகல் சூட்டில் கொஞ்சம் வளர்ந்து, இரவில் நின்று, மறுநாள் மறுபடி வளர்ந்து, அடைக்குப் போகுமுன்பே செத்துவிடுகிறது. உடைத்துப் பார்க்கும் நமக்கு அது வெறும் கூமுட்டை. அடைக்கு எடுத்துவைக்கும் முட்டையை 15 முதல் 18 டிகிரியில் வைப்பது நல்லது. நம் ஊரில் அது முடியாது என்றாலும், ஈரமணல் பரப்பி அதன்மேல் மண்சட்டி வைத்து, சட்டியில் உமி போட்டு, கூர்முனை கீழே இருக்கும்படி வைத்தால் மாடத்தைவிட எவ்வளவோ மேல். 7 நாளுக்கு மேல் சேர்க்காதீர்கள், கோடையில் 4 நாளே போதும். ஃப்ரிட்ஜில் வைத்த முட்டையும் ஆகாது. கழுவவும் கூடாது: ஓட்டின் மேல் மெல்லிய பூச்சு ஒன்று உண்டு, அது போனால் கிருமி நுழையும்.

வீட்டில் சேவல் இருக்கிறதா, விற்றிருந்தால் எத்தனை நாள் ஆயிற்று என்று நீங்கள் எழுதவில்லை. பெட்டையின் உடலுக்குள் விந்து பத்துப் பன்னிரண்டு நாள் உயிரோடு தங்கும். அதனால் சேவல் போன பிறகும் ஒரு வாரத்துக்குக் கருமுட்டை வரும், அப்புறம் வராது.

ஏழாம் நாள் இரவு செல்போன் டார்ச்சை முட்டையின் அகன்ற முனையில் ஒட்டிப் பிடித்துப் பாருங்கள். சிலந்தி வலை போல நரம்பு ஓடினால் கரு உயிரோடு இருக்கிறது. ஒன்றும் இல்லாமல் தெளிவாக இருந்தால் கருவே சேரவில்லை. சிவப்பு வளையம் மட்டும் தெரிந்தால் கரு செத்துவிட்டது. தெளிந்ததையும் வளையம் விழுந்ததையும் அன்றே எடுத்துவிடுங்கள். விட்டால் அழுகி, வெடித்து, பக்கத்து முட்டையையும் கெடுக்கும்.

முழுக்குஞ்சு ஓட்டுக்குள் செத்ததற்குக் காற்றின் வறட்சி காரணமாக இருக்கலாம். ஓட்டில் ஆயிரக்கணக்கான நுண்துளைகள் உண்டு, குஞ்சு மூச்சு விடுவது அவற்றின் வழியாகத்தான். உள்ளிருக்கும் ஈரமும் அதே வழியில்தான் வெளியேறுகிறது. 21 நாளில் முட்டை தன் எடையில் 12 சதவீதம் போல இழப்பது சரியான கணக்கு. கோடைக் காற்றில் அதற்கு மேல் இழந்தால் கடைசி நாட்களில் உள்தோல் காய்ந்து குஞ்சின் மேல் ஒட்டிக்கொள்ளும், அதனால் திரும்பவும் முடியாது, ஓட்டைக் கொத்தவும் முடியாது. அடைக்கூடைக்கு அடியில் ஈரமணல் வையுங்கள். 18-ஆம் நாளில் இருந்து வெதுவெதுப்பான தண்ணீரை விரலால் லேசாகத் தெளியுங்கள். ஓட்டில் ஓட்டை விழுந்ததும் உதவி செய்கிறேன் என்று உரிக்க வேண்டாம். அந்த நேரத்தில்தான் குஞ்சு மிச்ச மஞ்சள் கருவை வயிற்றுக்குள் இழுத்துக்கொண்டிருக்கும், உரித்தால் ரத்தம் கசியும். அந்த மஞ்சள் கருவின் பலத்தில் பொரித்த குஞ்சு இரண்டு நாள் இரை இல்லாமலே தாங்கும்.

முதல் மழைக்கு மறுநாள் கண்மாயில் பளீரென்ற மஞ்சளில் தவளைகள். விஷத் தவளையா? ஆறு மாதம் வறண்டு கிடந்த இடத்துக்கு அதுவும் விராலும் எங்கிருந்து வந்தன? (காரைக்குடி)

விஷமில்லை. எப்போதும் பார்க்கிற பெருந்தவளைதான் அது. ஆண் தவளை இனச்சேர்க்கைக்காக மஞ்சள் பூசிக்கொள்ளும், தொண்டைப் பை இரண்டும் நீலமாகும். சில நாளில் பழைய பாசி நிறத்துக்கே திரும்பிவிடும். கோடையில் அது மண்ணுக்குள் புதைந்து, மூச்சையும் இதயத் துடிப்பையும் குறைத்து, சேர்த்த கொழுப்பைச் சிறுகச் சிறுகச் செலவழித்துக் கிடந்திருக்கும். மழை ஈரம் இறங்கியதும் வெளியே வரும்.

விராலுக்கும் ஏறக்குறைய இதே கதைதான். தலைக்குள் செவுளுக்கு மேலே காற்று அறை இருப்பதால் ஈரச் சேற்றில் புதைந்து தாக்குப்பிடிக்கும், மழை இரவில் ஈரத்தரையில் ஊர்ந்து பக்கத்துக் குட்டைக்கும் போகும். மற்ற மீன்கள் வரத்துக் காலில் புதுத் தண்ணீரோடு வருகின்றன. காய்ந்த மண்ணில் கெண்டை முட்டை கிடந்து மழைக்குப் பொரிக்கும் என்பது தப்பு. அந்த முட்டை காய்ந்தால் செத்தது செத்ததுதான்.

பனங்கொட்டை புதைத்தேன். கிழங்கு குட்டையாக, கவட்டை விழுந்து, நாராக வந்தது. ஏன்? (கண்டனூர்)

குட்டைக்கும் கவட்டைக்கும் காரணம் உங்கள் சரளைச் செம்மண். பனை முளை முதலில் மேலே வராது, நேராகக் கீழே இறங்கும். கடினமான தரையில் மோதினால் வளைந்தோ பிளந்தோ போகும். தரையில் குழி தோண்டாமல், மணல் கலந்த மண்ணை இரண்டு இரண்டரை அடி உயரத்துக்கு மேடாகக் குவியுங்கள். கொட்டைகளை நெருக்கமாக அதன் மேல் பரப்பி நாலு விரல் மண் மூடி, மழை பெய்யாத நாளில் தண்ணீர் தெளியுங்கள். ஆவணியில் புதைத்தால் மார்கழிக் கடைசியில் எடுக்கலாம், பொங்கலுக்குச் சரியாக இருக்கும்.

நாரானது நாள் தள்ளிப்போனதால். நாம் கிழங்கு என்பது வேரும் இல்லை, உண்மையான கிழங்கும் இல்லை. முளையின் முதல் இலையும் அதைச் சுற்றிய உறையும் மாவுச்சத்தைச் சேர்த்துத் தடித்து நிற்கும் நிலை. பச்சை இலை மண்ணுக்கு மேல் தலை காட்டியபின் அந்த மாவு செலவாகி நார்தான் மிஞ்சும். கொட்டையை வெட்டினால் உள்ளே பஞ்சு போல இனிப்பாக இருக்குமே, தவுண், அது விதைப் பருப்பைக் கரைத்து உறிஞ்சி முளைக்கு அனுப்பும் உறுப்பு. முளைத்த தேங்காய்க்குள் இருக்கும் பூவும் அதேதான். அதனால் தவுணும் பெரிதாக வேண்டும் கிழங்கும் முற்றக் கூடாது என்றால் இடையில் ஒரு நாளைப் பிடிக்க வேண்டும். வாரம் ஒரு கொட்டையைத் தோண்டிப் பார்ப்பதுதான் வழி.

மார்கழியில் இட்லி மாவு பொங்குவதே இல்லை. கைராசி என்கிறார் மாமியார். வெள்ளைப் பணியார மாவையும் புளிக்க வைக்கலாமா? (பள்ளத்தூர்)

மாமியாரோடு வாதாட வேண்டாம், ஆனால் மாவைப் பொங்கவைக்கும் பாக்டீரியா பெரும்பாலும் உளுந்தோடு வருவது. 28 முதல் 32 டிகிரியில் 8 மணி நேரத்தில் முடிக்கும் வேலைக்கு மார்கழி இரவில் அதற்கு 14 மணி நேரம் வேண்டும். அண்டாவில் வெதுவெதுப்பான தண்ணீர் ஊற்றி அதற்குள் மாவுப் பாத்திரத்தை இறக்கி, மேலே சாக்கால் மூடுங்கள். உப்பில் பாதியைக் கரைக்கும்போது போட்டு, மீதியைக் காலையில் சேருங்கள்.

மூக்கையும் பயன்படுத்துங்கள். புளிப்பும் இல்லை பொங்கவும் இல்லை என்றால் குளிர் காரணம். புளித்த வாடை அடிக்கிறது, ஆனால் மாவு எழவில்லை என்றால் பாக்டீரியா வேலை செய்துவிட்டது, வாயுவைப் பிடித்துவைக்க உளுந்தால் முடியவில்லை. பழைய உளுந்து, போதாமல் அரைத்தது, அளவு குறைந்தது, இந்த மூன்றில் ஒன்று. நாலு பங்கு அரிசிக்கு ஒரு பங்கு புது உளுந்து, கிரைண்டரில் நுரைக்க நுரைக்க அரைக்க வேண்டும்.

வெள்ளைப் பணியார மாவு புளிக்கவே கூடாது. தலை தட்டிய பச்சரிசி மேல் கோபுரமாக உளுந்து வைத்து அளந்து, ஊறவைத்து, அரைத்த கையோடு சுட்டுவிட வேண்டும். புளித்தால் எண்ணெய் குடிக்கும்.

கல்பாசியை வீட்டு ஓட்டில் வளர்க்க முடியுமா? (ஆத்தங்குடி)

முடியாது. கல்பாசி ஒரு செடி அல்ல. பூஞ்சையும் பாசியும் சேர்ந்து நடத்தும் கூட்டுக் குடும்பம்: பாசி சமைக்கும், பூஞ்சை வீடு கட்டி ஈரம் பிடிக்கும். ஈரக்காற்றும் குளிர்ச்சியும் உள்ள மலைக்காட்டு மரங்களில், வருஷத்துக்குச் சில மில்லிமீட்டர் அளவில்தான் வளரும். உங்கள் ஓட்டில் படர்ந்திருக்கும் வெள்ளைத் திட்டுகள் தூரத்துச் சொந்தம், குழம்பில் போட வேண்டாம். கல்பாசியை எண்ணெயில் முதலில் தாளிக்கும் வழக்கத்துக்குக் காரணம், அதன் மணப்பொருள்கள் தண்ணீரில் அவ்வளவாகக் கரையாது.

கவுனி அரிசி ஊறவைத்த தண்ணீர் கருநீலமாகிறது. சாயம் பூசி விற்கிறார்களா? (கோட்டையூர்)

தவிட்டில் இயற்கையாக உள்ள ஆந்தோசயனின் என்ற நிறமி அது, நாவல் பழத்தில் இருப்பதும் இந்த வகைதான். ஒரு ஸ்பூன் ஊறல் தண்ணீரில் எலுமிச்சைச் சாறு விட்டால் சிவக்கும், சமையல் சோடா போட்டால் நீலமோ பச்சையோ ஆகும். சாதாரணச் சாயம் இப்படி மாறாது. ஓர் அரிசியைக் குறுக்கே உடையுங்கள், உள்ளே வெள்ளையாகவும் மேல்தோல் மட்டும் கறுப்பாகவும் இருக்க வேண்டும். ராத்திரி ஊறவைத்து, அந்தத் தண்ணீரைக் கொட்டாமல் அதிலேயே வேகவையுங்கள்.