வாடைக்காற்றும் மூன்று குடும்பங்களும்

அன்புள்ள அக்கா,

குடியரசு தினம் இந்த முறை திங்கட்கிழமை வருவதால் மூன்று நாள் லீவு. கல்லூரித் தோழிகள் மூவரும் குடும்பத்தோடு உங்கள் பக்கம் வருகிறோம். ஐந்து பிள்ளைகள், சின்னவனுக்கு இரண்டு வயது, பெரியவளுக்கு ஏழு. உச்சிப்புளிக்கு வடக்கே கடலோரமாக ஒரு வீடு பேசியாகிவிட்டது. இராமேஸ்வரம் கோயில், தனுஷ்கோடி, கலாம் நினைவிடம், தேவிபட்டினம், ஏர்வாடி, காரங்காடு என்று பட்டியலும் தயார். இதில் எதை விடலாம்? போன வருடம் இதே கூட்டம் கொடைக்கானல் போனது. ஆண்கள் சீட்டாடினார்கள், நாங்கள் மூவரும் ஊட்டி, கழுவி, தூங்கவைத்துவிட்டுத் திரும்பினோம். அது வேறு கதை. சின்னப் பிள்ளையை உப்புக்காற்றில் கொண்டுபோகாதே என்று என் மாமியார் வேறு சொல்கிறார்.

ஒரு வாசகி, மதுரை

அன்புள்ள தங்கைக்கு,

‘அது வேறு கதை’ என்று ஒரு வரியில் தாண்டிப் போய்விட்டீர்கள். எனக்கு அதுதான் கதை என்று படுகிறது. அதைச் சரி செய்யாமல் ஆறு ஊரைச் சுற்றினாலும் கொடைக்கானல்தான் திரும்ப நடக்கும்.

நண்பர்களோடு போவதில் ஒரு லாபம் இருக்கிறது. தாய் தட்டை எடுத்தாலே ஓடுகிற பிள்ளை, அடுத்த வீட்டு மாமா உருட்டிக் கொடுத்தால் சத்தமில்லாமல் வாயைத் திறக்கும். இதைப் பயன்படுத்திக்கொள்ளாமல் அவரவர் பிள்ளையை அவரவர் துரத்துவதென்றால் சேர்ந்து வருவானேன்? ஒரு வேளைக்கு ஒரு தம்பதி என்று வைத்துக்கொள்ளுங்கள். அந்த வேளையில் ஐந்து பிள்ளைகளும் அவர்கள் பொறுப்பு, கணவனும் மனைவியுமாக. மற்ற நால்வரும் சீட்டாடலாம், நீங்களும் சேர்ந்து. கிளம்பும் முன்பே பேசி முடித்துவிடுங்கள். வந்து இறங்கிய பிறகு பேசினால் சண்டைதான். மீன் வாங்குவது ஆண் வேலை, ஆய்வது பெண் வேலை என்று எங்கள் வீடுகளிலும் ஓர் ஏற்பாடு உண்டு. அதை மட்டும் இங்கிருந்து கற்றுக்கொண்டு போக வேண்டாம். சின்னவர்களுக்குக் கிழங்கான் குழம்பும் சுறாப்புட்டும் போதும், முள் தொல்லை குறைவு.

கடலுக்கும் இதே முறைதான், இன்னும் கண்டிப்பாக. ஆறு பெரியவர்கள் கரையில் இருந்தால் ஆறு பேருமே வேறு யாரோ பார்ப்பதாக நினைத்துப் பேசிக்கொண்டிருப்பார்கள். தண்ணீரில் பிள்ளைகள் இருக்கும்வரை இரண்டு பேர், கையில் போன் இல்லாமல், பிள்ளைகளுக்கும் ஆழத்துக்கும் நடுவில் நிற்க வேண்டும்.

எந்தக் கரை என்பதைக் காற்றைப் பார்த்து முடிவு செய்யுங்கள். உங்கள் வீடு வடகரையில், பாக் நீரிணைப் பக்கம் இருக்கிறது. அலை இல்லாத பெண்கடல் என்று எல்லாரும் சொல்வது அதைத்தான். ஆனால் தை மாதம் வாடை வீசும்போது அந்தக் கடல்தான் கலங்கி, அலையடித்துக் கிடக்கும். ஆண்கடல் என்று பேர் வாங்கிய மன்னார் வளைகுடா அப்போது அடங்கியிருக்கும். தென்மேற்கிலிருந்து கச்சான் காற்று வீசும் ஆடி, ஆவணியில் எல்லாம் தலைகீழ். இந்தப் பகுதியில் நிலம் ஒரு துண்டு போலக் குறுகலானது. அரைமணிக்குள் எதிர்க்கரைக்கு, புதுமடம் பக்கம் போய்விடலாம். அங்கேயும் முழங்கால் தண்ணீரோடு சரி. இறங்கும் முன் வலை சீர் பார்க்கிறவர்களிடம் சொறி, அதாவது ஜெல்லிமீன், கிடக்கிறதா என்று கேளுங்கள். பட்டால் பிள்ளைகளுக்கு எரிச்சல் தாங்காது. பத்து மணிக்கு மேல் வெயிலில் நிற்காதீர்கள். கரைவலை இழுப்பதைப் பார்க்கக் கிடைத்தால் வேறு எந்த வேலையிருந்தாலும் விட்டுவிட்டு நில்லுங்கள்.

இப்போது பட்டியல். தேவிபட்டினமும் காரங்காடும் ஒரு திசை, ஏர்வாடி வேறு திசை. இரண்டு வயதுப் பிள்ளை காருக்குள்ளேயே லீவைக் கழித்துவிடும். அடித்துவிடுங்கள். தனுஷ்கோடியையும் இந்த முறை விடச் சொல்வேன். 1964 டிசம்பர் புயலில் போன ஊர் அது. இடிந்த தேவாலயத்தின் முன் நிற்கும்போது கேள்வி கேட்கிற வயது வர வேண்டும். நிழல் இல்லை, அரிச்சல்முனையில் கடலில் இறங்குவது ஆபத்து, நீண்ட லீவில் வண்டி வரிசை வேறு.

அதற்குப் பதிலாக ரயில். மண்டபத்தில் ஏறி இராமேஸ்வரத்தில் இறங்குங்கள். 2025 ஏப்ரலில் திறந்த புதிய பாம்பன் பாலம் இரண்டு கிலோமீட்டருக்குக் கொஞ்சம் அதிகம், இரண்டு பக்கமும் ஜன்னலுக்கு வெளியே தண்ணீர். கப்பல் போக நடுப்பகுதி அப்படியே செங்குத்தாக மேலே தூக்கும் என்று சொல்லி வையுங்கள், ஏழு வயதுக்காரி அன்று முழுக்க அதையே பேசுவாள். ரயிலைப் படம் எடுக்கச் சாலைப் பாலத்தில் காரை நிறுத்துகிறவர்கள் மேல் எனக்குத் தீராத கோபம். நீங்கள் அந்தக் கூட்டத்தில் சேராதீர்கள்.

திங்கட்கிழமை காலை பாம்பன் குந்துகால். கொழும்பிலிருந்து வந்த விவேகானந்தர் பாம்பனில் இறங்கியது 1897 ஜனவரி 26ஆம் தேதி. அவர் ஏறிய வண்டியின் குதிரைகளை அவிழ்த்துவிட்டு, ஜனங்களோடு சேர்ந்து இராமநாதபுரம் சேதுபதி ராஜா பாஸ்கரரே இழுத்தார். பிள்ளைகளிடம் தத்துவம் எதுவும் சொல்ல வேண்டாம். ராஜா வண்டி இழுத்தார் என்று சொன்னால் போதும், மணலில் ஒருவரை ஒருவர் இழுத்து விளையாட ஆரம்பித்துவிடுவார்கள். வழியில் அவித்த பனங்கிழங்கு விற்றால் வாங்குங்கள். நாரை உரித்து, சின்னவனுக்கு நசுக்கிக் கொடுக்க வேண்டும். குடிதண்ணீர் கேன் கையோடு கொண்டுவாருங்கள், கடலோரக் கிணற்றுத் தண்ணீர் பல இடங்களில் கரிக்கும்.

மாமியார் சொல்வதைத் தள்ளவும் வேண்டாம், பயப்படவும் வேண்டாம். விடிகாலையிலும் இரவிலும் வாடை குளிரும். காதை மூடுகிற குல்லா ஒன்று போதும். நான் கேட்பது, அவரையும் ஏன் அழைத்து வரக்கூடாது? பிள்ளைகளை அவர் தலையில் கட்டிவிடுவதற்காக இல்லை. ஞாயிற்றுக்கிழமை விடியுமுன் அவரைக் கோயிலுக்குக் கூட்டிப்போய் 22 தீர்த்தமும் ஆடவைக்கட்டும், உங்கள் வீட்டுக்காரர். கூட்டத்தில் வரிசையில் நிற்பது, ஈரத்துணியோடு கிணறு கிணறாக நடப்பது, மாற்றுத்துணிப் பையைச் சுமப்பது எல்லாம் அவர் பொறுப்பு. அந்தக் காலை வேளை உங்கள் முறையில் வராதபடி மட்டும் பார்த்துக்கொள்ளுங்கள்.

அன்புடன்,
அக்கா