8 வயசுப் பையனுக்கு ஏடிஹெச்டி (கவனம் நிக்காம துறுதுறுன்னு இருக்கற பிரச்சனை), நியூரோஃபீட்பேக் 40 சிட்டிங் சொல்றாங்க, போலாமா?

அட்வான்ஸ் கட்டிட்டுத்தான் கேக்கறீங்கன்னு நெனைக்கறேன், நானும் கட்டிட்டுத்தான் நாலு பேர்த்துகிட்ட கேட்டேன். எங்களுக்கு கேரளா பார்டர்ல, பாலக்காட்டுக் கொழிஞ்சாம்பாறை பக்கம். வாரம் ரெண்டு நாள் ஸ்கூல் விட்டதும் பையன இழுத்துட்டு வேலந்தாவளம் தாண்டி கோயமுத்தூருக்கு பஸ்ஸு, அங்க தலையில பசை தடவி வயர் ஒட்டுவாங்க, ஸ்கிரீன்ல ஒரு கார் நிக்கும், மூளையில தீட்டா அலை (மந்தமா இருக்கறப்ப வர்றதாம்) கொறஞ்சு பீட்டா (கவனமா இருக்கறப்ப வர்றதாம்) ஏறுனா கார் ஓடும், அவ்வளவுதான் வைத்தியம். மாத்திரை இல்லைங்கறதாலயே எனக்குப் புடிச்சுப்போச்சு. திரும்பி வர்றப்ப முடியில காஞ்ச பசைய நகத்துல சொரண்டி முன் சீட்டுக் கம்பியில அப்பிட்டே வருவான், கண்டக்டர்கிட்ட ரெண்டு தடவ திட்டு வாங்குனேன்.

32 சிட்டிங் ஆனப்ப பையன் எப்படி இருக்கான்னு கேட்டு ஃபாரம் குடுத்தாங்க, எனக்கொண்ணு டீச்சருக்கொண்ணு. நான் எல்லாத்துக்கும் 'முன்னவிட பரவால்ல'ன்னு டிக் போட்டேன். டீச்சருக்கு நாங்க கோயமுத்தூர் போறதே தெரியாது, ஊர் வாய்க்குப் பயந்து சொல்லல. அவங்க மொத தடவ போட்ட அதே கட்டத்துலயே போட்டிருந்தாங்க. எனக்கு வந்துச்சு பாருங்க கோவம்! அந்த ஃபாரமும் இங்கிலீஷு, பாலக்காட்டுப் பக்கம்னா மலையாளம், தமிழ் மீடியம் டீச்சர் பாவம் என்னைய கேட்டு கேட்டுத்தான் புரிஞ்சுகிட்டாங்க. கேரளாவுல பாண்டிங்கறாங்க, கோயமுத்தூர்ல மலையாளத்துக்காரிங்கறாங்க, போன வருசம் பையனோட தமிழ்ப் புஸ்தகம் ஓணப் பரீட்சை கிட்ட வந்தப்பறம்தான் கைக்கு வந்துச்சு, யார்கிட்ட சொல்ல.

சரி, விசயத்துக்கு வர்றேன். ஃபார்மசி படிக்கற எங்க சித்தி பொண்ணுதான் சொன்னா, அமெரிக்காவுல 7லருந்து 10 வயசுப் பிள்ளைங்க 140 பேருக்கு மேல வச்சுப் பாத்தாங்களாம், 2021ல வந்த ஆராய்ச்சி, 38 சிட்டிங். ஒரு பங்குக்கு நெசப் பயிற்சி, இன்னொரு பங்குக்கு வேற பிள்ளையோட அலைய ஓட்டி சும்மா ஏமாத்துப் பயிற்சி, எது யாருக்குன்னு பெத்தவங்களுக்கும் தெரியாது. ரெண்டு பங்கும் ஒரே மாதிரி தேறுச்சாம். நானும் பஸ்ல போறப்ப வர்றப்ப அவனோட பேசிட்டே இருந்தேன், வீட்டுல அப்படி ஒரு மணி நேரம் உக்காந்ததே இல்ல. எனக்குப் பரவால்லன்னு தோணுனது அதனாலதானோ என்னமோ.

'என் பொண்ணுக்கு நல்லாச்சே'ன்னு யாரும் சண்டைக்கு வராதீங்க, நல்லாயிருந்தா சந்தோசம், நான் டாக்டரும் இல்ல. இப்ப வேற டாக்டர் மீதைல்ஃபெனிடேட்னு ஏடிஹெச்டிக்கான மாத்திரை எழுதியிருக்காரு, மத்தியானம் சோறு எறங்க மாட்டேங்குது, ஆனா டீச்சர் தானாவே கூப்பிட்டு 'பையன் நோட்டுல முழுசா எழுதறான்'னாங்க.

பாக்கி 8 சிட்டிங் காசக் கேட்டேன், தரமாட்டோம்னுட்டாங்க. நீங்க முழுசாக் கட்டலைன்னா, பாதியில விட்டா பாக்கிக் காசத் திருப்பித் தருவோம்னு இப்பவே எழுதி வாங்கிக்கோங்க.